கிரியான் வயலின் செந்நோய்: பயிருக்குள் வைரசு சென்ற வழி

நோய் பரவுகிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மனிதரிடையே பரவும் நோய்க்கு வழி உண்டு. மூச்சும் நீரும் கொசுக்கடியும் அவ்வழிகள். உடலுக்குள் புகுந்த பின்னரோ குருதி அதனை எங்கும் கொண்டு செல்கிறது. ஆனால் பயிரின் நிலை வேறு. அது நின்ற இடத்திலேயே நிற்பது. அதற்குக் குருதியும் இல்லை. குருதியைச் செலுத்தும் இதயமும் இல்லை. அதன் உயிரணு ஒவ்வொன்றும் தடித்த சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அவ்வாறிருக்க, ஓர் இலையின் ஓரத்தில் புகுந்த வைரசு சில நாட்களில் வேரிலும் குருத்திலும் காணப்படுவது எங்ஙனம்? தானாக நகரக் காலோ சிறகோ இல்லாத அந்த நுண்பொருளை நடத்திச் செல்வது யார்?

இவ்வினாவிற்கு விடை காண அறிவியலுலகம் ஏறத்தாழ நூறாண்டுகள் முயன்றது. அந்த நூறாண்டு வரலாற்றின் ஓர் அதிகாரம் தொலைநாட்டில் அன்று, நம் பேராக் மாநிலத்து நெல்வயலிலேயே நடந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

கீழ்ப் பேராக்கில் பெர்னாம் ஆற்றை அடுத்துள்ள ஹுத்தான் மெலிந்தாங், தென்னைக்கும் செம்பனைக்கும் பெயர்பெற்ற வட்டாரம். ‘ஹுத்தான்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குக் காடு என்பது பொருள்; ‘மெலிந்தாங்’ என்றால் குறுக்கே கிடத்தல். குறுக்கே கிடக்கும் காட்டைக் கடக்க விரும்புவோன் அதனுள் ஏற்கெனவே மக்கள் நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதையைத் தேடுவான். பயிருக்குள் புகுந்த வைரசும் அதையே செய்கிறது. பயிர் தன் தேவைக்காகப் போட்டு வைத்த பாதை எதுவோ, அதுவே வைரசுக்கும் பாதை. இவ்வுண்மை எவ்வாறு அறியப்பட்டது என்பதை இனிக் காண்போம்.

கிரியானில் சிவந்த பயிர்

பேராக்கின் வடமேற்கு மூலையில் உள்ளது கிரியான் மாவட்டம். பாகான் செராய், பாரிட் புந்தார் ஆகிய ஊர்கள் அதனுள் அடங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்த கரும்புத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்தனர். பின்னர் கரும்பு மறைந்தது, நெல் நிலைத்தது. 1906ஆம் ஆண்டில் நிறைவேறிய கிரியான் நீர்ப்பாசனத் திட்டம், மலாயாவில் அரசாங்கம் மேற்கொண்ட முதற்பெரும் பாசனத் திட்டமாகும். புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தின் நீர் அவ்வயல்களை வளமாக்கியது.

அவ்வளமான வயல்களில் 1930களின் இறுதியில் ஒரு நோய் தோன்றியது. பயிர் குட்டையாக நின்றது, தூர்கள் குறைந்தன, இலைகள் மஞ்சளாகி, ஆரஞ்சு நிறமடைந்து, செம்மை படர்ந்தன. கதிர் வந்தாலும் மணிகள் நிரம்பவில்லை. உழவர் கண்ட நிறத்தையே நோய்க்குப் பெயராக்கினர். ‘பெஞாக்கிட் மேரா’ என்றனர். செந்நோய் என்பது அதன் பொருள்.

அறிஞர்கள் பார்த்தனர். பூஞ்சணம் உண்டா? காணோம். பாக்டீரியா உண்டா? அதுவும் காணோம். தண்டைத் துளைத்த புழுவும் இல்லை. ஆகவே அவர்தம் ஐயம் மண்ணின்மேல் சென்றது. நீர் தேங்கிய சேற்று மண்ணில் ஏதோ ஒரு தாதுச்சத்து மிகுந்தோ குறைந்தோ பயிரை வாட்டுகிறது என்று கருதினர். இந்நோயை முன்வைத்து மலாயா நெற்பயிரின் தாதுச்சத்துகளை விரிவாக ஆராய்ந்த லாக்கார்டு என்பாரின் நூலை வேளாண்மைத் துறை 1959ஆம் ஆண்டில் வெளியிட்டது.

அவ்வறிஞர்களை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. மண்ணின் குறையாலும் இலை மஞ்சளாகும், சிவக்கும். வெறுங்கண்ணால் இரண்டையும் பிரித்தறிதல் அரிது. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அவர்கள் கேட்ட வினா ‘பயிருக்கு என்ன குறை?’ என்பது. ‘இது எவ்வழியாக வந்தது, எவ்வழியாகச் செல்கிறது?’ என்னும் வினா முன்னிற்கவில்லை. அதனால் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் கிரியான் உழவர்க்குத் தம் எதிரி யார் என்பதே தெரியாது போயிற்று.

சுவரில் கண்ட வாயில்

செந்நோயின் மருமத்தை விளக்கும் அறிவு அதற்கு முன்பே வேறு நாடுகளில் வேறு பயிர்களைக் கொண்டு சிறிது சிறிதாகச் சேர்ந்து வந்தது. அதன் தொடக்கம் நமக்குப் பழக்கமான ஒரு விதையில் இருக்கிறது.

1879ஆம் ஆண்டில் எடுவார்டு தாங்கல் என்னும் தாவரவியலார் எட்டி மரத்தின் விதையை மெல்லிய சீவல்களாக்கி உருப்பெருக்கியில் நோக்கினார். ஆம், கசப்புக்கும் நஞ்சுக்கும் உவமையாக நாம் சொல்லும் அதே எட்டிதான். உயிரணுக்களுக்கு இடையேயுள்ள தடித்த சுவர்களை மிக நுண்ணிய இழைகள் ஊடுருவிச் செல்வதை அவர் கண்டார். தனித்தனி அறைகள் என்று எண்ணப்பட்ட உயிரணுக்கள் உண்மையில் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பது அன்று வெளிப்பட்டது. 1901ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவ்விழைகளுக்குப் பிளாஸ்மோடெஸ்மா என்று பெயரிட்டார். நாம் அவற்றை இணைப்பிழைகள் என்று சொல்லலாம்.

ஏறக்குறைய அதே காலத்தில் புகையிலையின் தேமல் நோயைப் பற்றிய ஆராய்ச்சியும் நடந்தது. நோயுற்ற இலையின் சாறு நல்ல செடிக்கும் நோயைத் தரும் என்று ஆலந்து நாட்டில் பணியாற்றிய மேயர் 1886இல் எழுதினார். பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் அந்நோய்ப்பொருள் கடந்துவிடுகிறது என்பதை ருஷ்ய நாட்டு இவனோவ்ஸ்கி 1892இல் காட்டினார். அது வெறும் நஞ்சு அன்று, உயிருள்ள திசுவில் பெருகுவது என்று 1898இல் உரைத்தவர் ஆலந்து நாட்டுப் பெய்யரிங்க். முற்றிய இலைகளைவிட வளர்ந்துவரும் இளந்தளிர்களையே அது பற்றுகிறது என்பதையும் அவர் கூர்ந்து நோக்கினார். ஏன் தளிரை மட்டும்? இவ்வினா முப்பதாண்டுகளுக்கு மேல் விடையின்றி நின்றது.

உணவு செல்லும் வழியே நோய் செல்லும் வழி

1934ஆம் ஆண்டில் ஜெப்ரி சாமுவேல் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். பல தக்காளிச் செடிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இலையில் மட்டும் தேமல் வைரசைத் தடவினார். பின்னர் நாள்தோறும் ஒரு செடியாக எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கி, எந்தத் துண்டில் வைரசு வந்திருக்கிறது என்று சோதித்தார். முதல் சில நாட்கள் அது தடவிய இலையைவிட்டு அகலவில்லை. பின்னர் திடீரென்று வேரில் தோன்றியது. அடுத்துக் குருத்தில் தோன்றியது. இடையிலிருந்த முற்றிய இலைகளோ நெடுநாள் தப்பி நின்றன; செடி முழுவதும் வைரசு நிறைய ஏறத்தாழ 25 நாட்கள் ஆயின.

அருகிலிருக்கும் இலையை விட்டுவிட்டுத் தொலைவிலிருக்கும் வேருக்கு அது ஓடுவானேன்? விடை பயிரின் உணவுப் போக்கில் இருக்கிறது. முற்றிய இலை சர்க்கரையைச் சமைத்து வெளியே அனுப்புவது. அது வெளியிலிருந்து பெறுவதில்லை. வேரும் தளிரும் காயும் சர்க்கரையைக் கேட்டு வாங்குவன. அவற்றிற்கு உணவைக் கொண்டு செல்லும் குழாய்கள் உண்டு, சாற்றுக்குழாய்கள் என்பர். பாளையைச் சீவினால் சொட்டுச் சொட்டாக வடியும் பதநீர் அச்சாற்றுக்குழாய்களின் சர்க்கரை நீரேயாகும். இலையில் சமைத்ததைத் தென்னை பாளைக்கு அனுப்புகிறது; நாம் வழியில் மறித்து வாங்கிக்கொள்கிறோம். அந்த ஓட்டத்திலேதான் வைரசும் ஏறிக்கொள்கிறது. பெய்யரிங்க் கண்ட தளிரின் மருமம் இதுவே.

அதே 1934இல் பூனாவைச் சேர்ந்த பயிர்நோய் வல்லுநர் உப்பல், புகையிலை இனமொன்றின் இலைக்குள் இவ்வைரசு செல்லும் நடையை ஆராய்ந்து வெளியிட்டார். இவ்வாறான ஆராய்ச்சிகளால் வைரசுக்கு இரண்டு நடைகள் உண்டு என்பது தெளிவாயிற்று. இலைக்குள் ஓர் உயிரணுவிலிருந்து அடுத்த உயிரணுவிற்கு அது இணைப்பிழைகளின் வழியே ஊர்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சென்றால் அதிகம். சாற்றுக்குழாயை அடைந்துவிட்டாலோ சர்க்கரையோடு சேர்ந்து விரைகிறது. அவ்வோட்டம் மணிக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை செல்லக்கூடியது. தோட்டத்து மண்பாதையில் மெல்ல நடந்து வந்து, பெருஞ்சாலையில் பேருந்து ஏறுவதைப் போன்றது இது.

இதனை ஐயமற நாட்டியவர் அமெரிக்க அறிஞர் பென்னட். மூன்று தலைகள் கொண்ட சர்க்கரைக்கிழங்குச் செடிகளை உண்டாக்கி, ஒரு தலையில் மட்டும் சுருட்டை வைரசைப் புகுத்தினார். ஏனைய தலைகள் வெயிலில் தமக்கு வேண்டிய உணவைத் தாமே சமைத்துக்கொண்ட வரையில் வைரசு அவற்றை எளிதில் அணுகவில்லை. ஒரு தலையை இருட்டில் மூடியபோது அது பட்டினி கிடந்து அயல் தலையிலிருந்து உணவை ஈர்த்தது. உணவோடு வைரசும் விரைந்து வந்து சேர்ந்தது. 1937இல் அவர் இம்முடிவை வெளியிட்டார்.

செந்நோயின் தூதுவன்

இனி மீண்டும் கிரியானுக்கு வருவோம். 1960ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸ் நகரில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அங்கே ரிவேரா, ஊ என்னும் இருவர் ‘துங்ரோ’ என்னும் நெல்நோயைப் பச்சைத் தத்துப்பூச்சி பரப்புகிறது என்று கண்டனர். நோயுற்ற பயிரில் உண்ட பூச்சியை நல்ல நாற்றில் விட்டால் நாற்று நோயுறும், பூச்சியின்றேல் நோயுமில்லை. இதே முறையில் மலேசியச் செந்நோயும் சோதிக்கப்பட்டது. அது மண்ணின் குறையன்று, வைரசு நோயே என்னும் முடிவை ஊ, ரிவேரா, நவரத்தினம், கோ ஆகிய நால்வரும் 1965ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கால் நூற்றாண்டுப் புதிர் அன்று அவிழ்ந்தது.

இது முன்பே வெளிப்படாமற்போனதற்குக் காரணம் வைரசு செல்லும் வழியிலேயே இருக்கிறது. புகையிலைத் தேமல் வைரசு இலையின் எல்லாத் திசுக்களிலும் பரவுவது. ஆதலின் கசக்கிய சாற்றைத் தேய்த்தாலே ஒட்டிக்கொள்ளும். நெல்லின் செந்நோயோ அவ்வாறு தேய்த்து ஒட்டுவதன்று. அது பயிரின் நரம்புக் குழாய்களுக்குள்ளேயே வாழ்வது. அக்குழாயை எட்டும் ஊசி வேண்டும். தத்துப்பூச்சியின் கூரிய வாயே அந்த ஊசி. சாற்றைக் குடிக்க வரும் பூச்சி சாற்றோடு வைரசையும் எடுத்துச் சென்று, அடுத்த பயிரின் குழாயில் நேரே சேர்த்துவிடுகிறது.

கதை அத்துடன் முடியவில்லை. இந்தோனேசியாவின் தென் கலிமந்தானில் ‘பெஞாக்கிட் ஹாபாங்’ என்று ஒரு நெல்நோய் உண்டு. பஞ்சார் மொழியில் ‘ஹாபாங்’ என்றாலும் சிவப்பே. அந்நோயை ஆராய்ந்த ஹிபினோவும் துணைவர்களும் 1978ஆம் ஆண்டில் ஒரு வியப்பை வெளியிட்டனர். நோயுற்ற பயிரில் ஒன்றல்ல, இரண்டு வகை வைரசுகள் இருந்தன. ஒன்று கோல் வடிவானது, மற்றொன்று உருண்டையானது. பயிரைச் சிவக்க வைத்துக் குட்டையாக்குவதில் கோலுக்கே பெரும்பங்கு. ஆனால் தத்துப்பூச்சியின் வாயில் தனியே ஏறிச் செல்ல அதற்கு ஆற்றலில்லை. உருண்டை வைரசு பயிரில் பெரிய அறிகுறி எதையும் காட்டுவதில்லை; ஆனால் பூச்சியில் ஏறிக்கொள்ள வல்லது, தன் துணையையும் ஏற்றிவிட வல்லது. குருடன் தோளில் முடவன் ஏறி வழி சொல்லிய கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். நெல்வயலில் அக்கதை கேடாக நடக்கிறது.

வாயிலை அகற்றும் சாவி

இணைப்பிழை வழி என்று எளிதாகச் சொன்னோம். ஆனால் அதில் ஒரு தடை உண்டு. புகையிலைத் தேமல் வைரசின் கோல் 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் தடிப்பும் உடையது. இணைப்பிழையில் பொருள்கள் செல்லக்கூடிய இடைவெளியோ இரண்டு மூன்று நானோமீட்டரே. ஊசித் துளையில் உலக்கை நுழையுமா?

1978ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் நிஷிகுச்சியும் துணைவர்களும் விந்தையான ஒரு வைரசு வகையை விளக்கினர். 32 பாகை வெப்பத்தில் அது தான் புகுந்த உயிரணுவில் நன்றாகப் பெருகியது. ஆனால் அடுத்த உயிரணுவிற்குச் செல்லவில்லை. பெருகுவது வேறு ஆற்றல், நகர்வது வேறு ஆற்றல் என்பது இதனால் புலனாயிற்று. 1987இல் அமெரிக்காவில் டியோம், ஆலிவர், பீச்சி ஆகியோர் வைரசின் ஒரு புரதத்திற்குரிய மரபணுவைப் புகையிலைச் செடியில் சேர்த்தனர். அச்செடியில் முடங்கிக் கிடந்த அவ்வைரசு வகை மீண்டும் நகர்ந்தது. நகர்த்தும் புரதம் என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. 1989இல் உல்ப், லூக்கஸ் முதலானோர் அப்புரதம் செய்யும் வேலையைக் காட்டினர். அப்புரதமுள்ள இலையில், முன்பு நுழைந்த பொருள்களைவிட எடையில் பத்து மடங்குக்கும் மேற்பட்ட பொருள்கள் இணைப்பிழையைக் கடந்தன. வைரசு தன் கோல் வடிவைக் களைந்து, மரபுச் செய்தி எழுதிய ஆர்.என்.ஏ. இழையாக, அப்புரதத்தின் துணையோடு கடந்து செல்கிறது. தட்டைப்பயறுத் தேமல் வைரசு வேறு வழி கொள்கிறது. இணைப்பிழைக்குள் ஒரு குழலை அமைத்து, அதன் வழியே முழு உருவோடு செல்கிறது.

இவ்வாயில்கள் வைரசுக்காக உண்டானவை அல்ல என்பதை மறத்தலாகாது. பயிர் தன் சொந்தப் புரதங்களையும் செய்திகளையும் உயிரணு விட்டு உயிரணு அனுப்ப இவற்றையே பயன்படுத்துகிறது. வைரசு புதுவழி வெட்டுவதில்லை. வீட்டார் வழங்கும் வாயிலுக்கு மறுசாவி செய்து கொள்கிறது.

வழியறிந்தால் தடுக்கலாம்

இவ்வரலாற்றால் உழவர்க்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் மிகவுண்டு. செந்நோய் பூச்சியின் வாய்வழி வருவது என்று தெரிந்தபின், மண்ணைத் திருத்துவது மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று. வட்டாரத்தார் அனைவரும் ஒரே காலத்தில் நடவு செய்தல், அறுவடைக்குப் பின் நோயுற்ற தாளை உழுது அழித்தல், எதிர்ப்பாற்றலுள்ள நெல்வகைகளைப் பயிரிடல் ஆகியன கைக்கொள்ளப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் கெடாவின் மூடா பாசனப் பகுதியை அந்நோய் தாக்கியபோது, எதிரி யார் என்பது முன்பே தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. பழனி மலைச் சரிவுகளில் விளையும் விருப்பாட்சி வாழை, பழனிப் பஞ்சாமிர்தத்திற்குரிய பழம். முடிக்கொத்து வைரசு நோயால் அதன் பரப்பு 18,000 எக்டேரிலிருந்து 2,000 எக்டேர் அளவிற்குச் சுருங்கியது. வாழையின் அசுவினி அவ்வைரசை இலையில் ஏற்றுகிறது. அது சாற்றுக்குழாய் வழியே அடிக்கிழங்கை அடைகிறது. அங்கிருந்து எழும் பக்கக்கன்றுகளிலும் புகுகிறது. பார்வைக்கு நலமாகத் தோன்றும் கன்றைப் பெயர்த்து நட்ட உழவர், அறியாமலே நோயையும் சேர்த்து நட்டனர்.

அதற்கு மாற்று எங்கே கிடைத்தது? அதுவும் வழியை அறிந்ததனால் கிடைத்ததே. குருத்தின் நுனியிலுள்ள வளர்திசுவிற்குச் சாற்றுக்குழாய்கள் இன்னும் எட்டியிருப்பதில்லை. எனவே வைரசும் அங்கே பெரும்பாலும் எட்டுவதில்லை. பிரெஞ்சு அறிஞர் மொரேல், மார்ட்டின் இருவரும் 1952இல் நோயுற்ற டேலியாச் செடியின் குருத்து நுனியைச் சிறிதளவு கிள்ளி வளர்த்து, வைரசு நீங்கிய செடியைப் பெற்றனர். திசு வளர்ப்பு முறையில், வைரசுச் சோதனையும் செய்து நல்ல வாழைக்கன்றுகளை உண்டாக்கும் பணி கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும் நடந்து வந்திருக்கிறது.

நம் தோட்டங்களுக்கும் இதில் பங்குண்டு. 1971இல் டீனர் என்னும் அமெரிக்க அறிஞர் வைரசினும் சிறிய ஒரு நோய்ப்பொருளை உருளைக்கிழங்கில் கண்டு வைராய்டு என்று பெயரிட்டார். அது புரதம் எதனையும் உண்டாக்காத வெறும் ஆர்.என்.ஏ. வளையம். பிலிப்பைன்சில் கோடிக்கணக்கான தென்னைகளைக் கொன்ற ‘கடாங் கடாங்’ நோய்க்கு வெறும் 246 எழுத்துகள் கொண்ட ஒரு வைராய்டே காரணம். நகர்த்தும் புரதம்கூட இல்லாத இப்பொருளும், பயிரின் இணைப்பிழையையும் சாற்றுக்குழாயையும் கொண்டே உள்ளே பயணம் செய்கிறது. கணேசன் வடமலையும் அடிலெய்டு அறிஞர்களும் அவ்வைராய்டின் வேறுவகைகளை மலேசியச் செம்பனையிலிருந்து பிரித்தெடுத்து 2006இல் வெளியிட்டனர். ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றும் செம்பனை ஓலையை அதன்பின் அறிஞர்கள் புதிய கண்ணோடு நோக்கலாயினர். தென்னையும் செம்பனையும் நிறைந்த ஹுத்தான் மெலிந்தாங் போன்ற வட்டாரங்களுக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

கிரியான் உழவர் சிவப்பைக் கண்டனர்; பெயரும் வைத்தனர். அவர் கண்டது பொய்யன்று. ஆயினும் நிறத்தைக் கண்டது நோயைக் கண்டதாகாது. அது வந்த வழியும் சென்ற வழியும் தெரிந்தபோதே நோய் தெரிந்தது. பள்ளியில் தாவர நூல் கற்பிக்கும் ஆசிரியர்கள், சாற்றுக்குழாயை வெறும் படமாகக் கரும்பலகையில் வரைந்துவிட்டு நகராமல், கிரியான் வயலின் இவ்வரலாற்றையும் மாணவர்க்கு எடுத்துரைப்பார்களாக. தம் மாநிலத்து மண்ணில் எழுந்த ஒரு வினாவைத் தம் மொழியிலேயே கேட்கும் மாணவனுக்கு, அடுத்த வினாவைத் தானே எழுப்பும் துணிவு பிறக்கும்.